'லா ஏன்' படமும் அதைப் பார்த்தவர்களும்

பிரெஞ்சில் 'ஏன்' என்றால் வெறுப்பு. எழுதும்போது முன்னால் ஒரு 'ஹ' உண்டு, வாயில் வராது. ஆகவே மத்தியூ கசோவித்ஸ் 1995இல் எடுத்த 'லா ஏன்' என்ற படத்தின் பெயர் தமிழ்க் காதுக்குக் கேள்வியாகத்தான் விழும். பிரெஞ்சுப் படம் என்றதும் லூயி தெ ஃபுனேயை நினைத்துச் சிரிக்கத் தயாராகும் என் வயதுக்காரர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்த சிலரும் பாதியில் எழுந்து போனவர்கள்.

கறுப்பு வெள்ளைப் படம். அன்றைக்குப் பெயர் தெரிந்த நடிகர் எவரும் இல்லை. செலவும் குறைவு. பாரிசுக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த ஒரு புறநகரில் மூன்று வாலிபர்கள்: யூதன் வின்ஸ், அரபுப் பையன் சயீத், ஆப்பிரிக்கன் யுபேர். முதல் நாள் இரவு அங்கே கலவரம் நடந்திருக்கிறது. அவர்கள் சிநேகிதன் ஒருவன் போலீசிடம் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கலவரத்தில் ஒரு போலீஸ்காரர் தவறவிட்ட துப்பாக்கி வின்ஸ் கையில் சிக்கிவிட்டது. சிநேகிதன் செத்தால் ஒரு போலீசைச் சுடுவேன் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிகிறான். காலையிலிருந்து மறுநாள் விடியும் வரை சுமார் இருபது மணி நேரம், அவ்வளவுதான் கதை. 1993இல் பாரிசில் ஒரு காவல் நிலையத்து விசாரணையில் 17 வயது ஆப்பிரிக்கப் பையன் சுடப்பட்டு இறந்ததுதான் படத்துக்கு விதை.

கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது. கசோவித்ஸுக்கு அப்போது வயது 27. பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்கள் படக்குழுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள் என்பார்கள். அந்த மே மாதம்தான் பிரதமரான அலேன் ழுப்பே, தன் மந்திரிகளுக்கென்றே தனிக் காட்சி போடச் சொன்னார். மந்திரிகளும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆபீஸ்தான் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு நிர்வாகத்தில் ஆணை என்றால் 'வ்யூ' என்றுதான் தொடங்கும். இன்ன சட்டம் பார்க்கப்பட்டது, இன்ன கடிதம் பார்க்கப்பட்டது என்று வரிசையாக வரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய கோப்புகள் முழுக்க அந்த 'வ்யூ'தான். தமிழ் அரசுக் கடிதத்தில் 'பார்வை' என்று போடுகிறோமே, அதேதான். பார்வையில் ஏறிய காகிதத்தை அப்புறம் யாரும் புரட்டுவதில்லை. மந்திரிகள் பார்த்தார்கள், 'வ்யூ' ஆயிற்று. பத்து வருஷம் கழித்து, 2005 அக்டோபரில், கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பையன்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரம் கார்கள் எரிந்தன. அல்ஜீரியப் போர்க் காலத்து 1955ஆம் வருஷச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அவசரநிலை போட்டார்கள்.

மந்திரிகளை விடுங்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? நம் புதுச்சேரிக்காரர்கள் எத்தனை குடும்பம் சார்செலிலும் கார்ழிலும் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். என் தங்கை வீடும் அந்தப் பக்கம்தான். மாப்பிள்ளை சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். 1996இல் ஊருக்கு வந்தபோது மருமகன் இந்தப் பட கேசட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். (பிரான்சு கேசட்டை நம் ஊர் டெக்கில் போட்டால் நிறம் போய்விடும். இந்தப் படத்துக்கு அதனால் நஷ்டமில்லை.) எங்கள் கூடத்தில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். மாப்பிள்ளை நடுவிலேயே எழுந்துவிட்டார்.

"மச்சான், விலாசத்தைப் பார்த்ததுமே வேலை இல்லைன்னு திருப்பி அனுப்புறான். இந்தப் படம் வந்தப்புறம் இன்னும் மோசம். அங்கே காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ரயிலேறி வேலைக்குப் போறவன் எத்தனை பேர்! அவனை ஏன் காட்டலை?" என்றார்.

மருமகனுக்கு அப்போது பதினெட்டு. தியேட்டரில் மூன்று தடவை பார்த்திருந்தான். "அப்பா, அது நாங்கதான்" என்றான். அன்று ராத்திரி இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஒரு படம் எல்லோரையும் காட்ட முடியாது என்றாலும். ஆனால் போலீசும், மந்திரிகளும், மாப்பிள்ளையும், கைதட்டிய வாலிபர்களும் எல்லோருமே பார்த்தது அந்தத் துப்பாக்கியைத்தான் என்பது என் அபிப்பிராயம். அந்தத் துப்பாக்கி என்ன ஆகிறது என்று பாருங்கள். பாரிசில் ஒரு மொட்டைத்தலை முரடன் வின்ஸ் கையில் சிக்குகிறான். சுடு, சுடு என்று யுபேர் தூண்டுகிறான், இவனால் முடியாது என்று தெரிந்துதான். நாள் முழுக்கச் சவடால் அடித்தவனுக்குக் கை வரவில்லை. பிறகு துப்பாக்கியைச் சிநேகிதனிடமே கொடுத்துவிடுகிறான். ஒருவன் கொலைகாரனாகாமல் இன்னொருவன் தடுத்த கதை இது. கடைசி நிமிடம் வேறு, அதை நான் சொல்லக்கூடாது.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாரிசில் ஒரு பொதுக் கழிப்பறையில் மூவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குள்ளமான ஒரு கிழவர் வருகிறார். சைபீரியாவுக்கு ரயிலில் கொண்டுபோகப்பட்ட நாளில் தன் சிநேகிதன் கூச்சப்பட்டுப் புதருக்குப் பின்னால் ஒதுங்கினான், ரயில் கிளம்பிவிட்டது என்கிறார். இவர் கையை நீட்டுகிறார், அவன் ஓடி வருகிறான். கையைப் பிடிக்க வந்தால் கால்சட்டை நழுவுகிறது, கால்சட்டையைப் பிடித்தால் கை விட்டுப் போகிறது. குளிரில் விறைத்துச் செத்தான். சொல்லிவிட்டுக் கிழவர் போய்விடுகிறார். இதை எதற்கு நம்மிடம் சொன்னார் என்று சயீத் கேட்கிறான். பதில் இல்லை. என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

பேச்சு புரியவில்லை என்று பிரெஞ்சு படித்த நம்மவர்களே குறைபட்டார்கள். அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் பேசும் 'வெர்லான்' அது. 'ஃபாம்' 'மஃப்' ஆகும், 'ஃப்லிக்' 'கஃப்' ஆகும். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் புரியக்கூடாது என்று நாம் 'க' பாஷை பேசினோமே, அந்த மாதிரி. அந்த வயதில் நமக்கும் சிநேகிதர்கள்தான் உலகம். ஒரு விளம்பரப் பலகையில் 'உலகம் உங்களுடையது' என்று இருப்பதை, சயீத் மைக்குழாயால் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'நம்முடையது' என்று ஆக்குகிறான். 'வூ', 'நூ' ஆகிறது. பிரெஞ்சு இலக்கணம் இவ்வளவு அழகாகப் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

2024இல் இந்தக் கதையைப் பாட்டும் நடனமுமாக மேடையேற்றினார்கள், 'இதுவரை எதுவும் மாறவில்லை' என்று தலைப்பில் ஒட்டுச் சேர்த்து. மருமகன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தானாம். அப்பாவுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறான். முழங்கால் வலி என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டிலேயே இருந்துவிட்டார்.