சேற்றை எங்கே கொட்டுவீர்கள்?

பழைய பள்ளிக்கூடக் கதைகளும் தேரோட்ட நினைவுகளுமாக எழுதிக்கொண்டிருந்தவன் இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இடம், ஆள் பெயரெல்லாம் வேண்டாம். பேச வந்தவர் இளைஞர், நன்றாகப் படித்தவர். ஒரு கண்ணாடிக் குவளையில் சாயம் கலந்த தண்ணீர். அதில் பழுப்பு நிறப் பொடியைப் போட்டுக் கலக்கினார். பத்து நிமிடத்தில் சாயம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. "வெறும் இரும்புத் துருதான் ஐயா. ஆலைக் கழிவுநீரில் இருக்கிற ஆர்சனிக்கையும் இது இப்படியே பிடித்துவிடும். இனி யாரும் பயப்பட வேண்டாம்" என்றார். கைதட்டல் அடங்கியதும் எழுந்து கேட்டேன்: "தம்பி, அடியில் நிற்கிற சேற்றை எங்கே கொட்டுவீர்கள்?" அவர் சிரித்தார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்குவாங்க சார்."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லை என்னால் அங்கேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் நான். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகத் தினமும் பேருந்து. தூங்கிக்கொண்டிருந்தாலும் காரைக்காடு வந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும். அந்தப் பாதையில் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரும்பு ஆர்சனிக்கைப் பிடிக்கும் என்பது முழு உண்மை. நம் சித்த மருத்துவர்கள் தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்று சொன்னதெல்லாம் ஆர்சனிக் சேர்ந்த பொருள்கள்தான். அந்த விஷத்துக்கு இரும்பு ஹைட்ராக்சைடு மாற்று மருந்தாகும் என்று ஜெர்மனியில் புன்சன் 1834-லேயே கண்டார். பள்ளியில் நாம் பார்த்த புன்சன் அடுப்பு அவர் பெயரில் உள்ளதுதான். வங்கதேசத்தின் சோனோ வடிகட்டியிலும் நேபாளத்தின் கஞ்சன் வடிகட்டியிலும் வேலை செய்வது இரும்புதான். கஞ்சனில் சாதாரண ஆணிகளைத்தான் போடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' முறையிலும் நுண்ணிய இரும்பு ஆக்சைடுதான். இவர்களுக்கெல்லாம் என் வணக்கம் உண்டு.

ஆனால் இவை எல்லாம் குடிநீருக்கு வந்தவை. மண்ணிலிருந்து இயற்கையாகவே ஆர்சனிக் கசிந்த கிணறுகளுக்கு வந்தவை. ஆலைக் கழிவுநீர் வேறு சாதி. அதில் உப்பு, சாயம், கரிமப் பொருள், பாஸ்பேட் எல்லாம் கலந்திருக்கும். பாஸ்பேட் ஆர்சனிக்குக்குப் பங்காளி மாதிரி. இரும்பில் அது உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்காரும். ஆர்சனிக்கிலும் இரண்டு வகை. ஐந்து இணைதிறன் கொண்டதை இரும்பு எளிதில் பிடிக்கும். மூன்று இணைதிறன் கொண்டது சாதாரணத் தண்ணீரில் மின்னூட்டம் இல்லாமல் நழுவும். அதைக் குளோரின் போன்ற ஒன்றால் முதலில் ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். அமில காரத் தன்மையையும் சரிசெய்ய வேண்டும். துருவைத் தூவிவிட்டுப் போகிற வேலை இல்லை இது.

அந்தக் குவளை வித்தையில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஆர்சனிக்குக்கு நிறம் கிடையாது. தண்ணீரில் கரைந்து நின்றால் மணமோ சுவையோ காட்டாது. சாயம் போனதைக் கண்ணால் பார்த்தோம். விஷம் போனதைச் சோதனைச்சாலைதான் சொல்ல முடியும். தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்று ஊரை நம்ப வைப்பது பாவம்.

இப்போது சேற்றுக்கு வருகிறேன். ஆர்சனிக் ஒரு தனிமம். எரித்தாலும் அழியாது, மட்காது. இரும்பு அதை ஒழிப்பதில்லை. தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த முடிச்சும் நிரந்தரம் இல்லை. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் நுண்ணுயிரிகள் துருவைக் கரைத்துவிடும். துரு கரைந்தால் மடியில் இருந்தது கீழே விழத்தானே செய்யும்? சம்பா வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மேலே எண்ணெய் போல ஒரு செம்படலம் மிதப்பதை நம் விவசாயிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கீழே சேற்றில் கரைந்த இரும்பு மேலே வந்து காற்றுப் பட்டு மறுபடி துருவாவதுதான் அது. கங்கைச் சமவெளியில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் வந்ததற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். வண்டலில் இருந்த இரும்பு கரைந்து, அது பிடித்து வைத்திருந்த விஷத்தை விட்டுவிட்டது.

ஆக, இந்தக் கசடை ஒரு பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளினால், வங்காளத்தின் கதையை நம் கையாலேயே இங்கே எழுதுகிறோம் என்று அர்த்தம். ஆய்வகத்தில் செய்யும் வழக்கமான கசிவுச் சோதனையில் இந்தச் சேறு தேறிவிடும். குப்பை மேட்டுக்கு அடியில் போனதும் விஷத்தைக் கக்கும். இது வேதியியல்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். அதுவும் எந்த ஊரில்? 2004-ல் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம் கண்ட கடலூரில். உப்பனாற்றங்கரையில் திறந்தவெளியில் குவித்து வைத்த எதுவும் அங்கேயே கிடக்கும் என்று யார் உறுதி தருவது?

சட்டப்படி வரம்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கழிவுநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை வெளியே விடலாம். குடிநீருக்கு வரம்பு 0.01. இருபது மடங்கு. கணக்கு வாத்தியார் இல்லையென்றாலும் ஒரு கணக்குப் போடுகிறேன். ஓர் ஆலை தினமும் பத்து லட்சம் லிட்டர் கழிவுநீரை அந்த வரம்பிலேயே விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 கிராம். ஒரு வருஷத்துக்கு 73 கிலோ. அத்தனையும் சட்டப்படி! லிட்டருக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்கிற சட்டம், மொத்தம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டது.

கருவி வைத்தால் போதும் என்பவர்கள் மேற்கு வங்கத்தைப் பார்க்கட்டும். பாருய்ப்பூர் பகுதியில் பல நிறுவனங்கள் நிறுவிய ஆர்சனிக் நீக்கும் கருவிகளை ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் தொடர்ந்து நின்ற கருவி ஒன்றுகூட இல்லை. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் பராமரிப்புக்கு வருவதில்லை. இது எல்லா ஊருக்கும் பொது.

அப்படியானால் இரும்பே வேண்டாமா? வேண்டும். ஒழுங்காக வேண்டும். ஆர்சனிக் வருகிற கழிவை மற்றக் கழிவோடு கலக்கும் முன்பே தனியாகப் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். கலந்த பிறகு பிடிப்பது கடினம். கசடைப் பிழிந்து, சிமெண்ட்டோடு இறுக்கி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான அபாயக் கழிவுக் கிடங்குக்குக் கணக்கோடு அனுப்ப வேண்டும். எவ்வளவு இரும்பு உள்ளே போனது, எவ்வளவு சேறு வெளியே வந்தது, எந்த லாரியில் போனது என்று நோட்டில் இருக்க வேண்டும். வரவும் செலவும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு பள்ளம் நிரம்புகிறது என்று பொருள்.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அபாயகரமான ஆலைகள் தங்கள் ரசாயனங்கள், கழிவுநீர், திடக்கழிவு விவரங்களை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003 அக்டோபரிலேயே உத்தரவிட்டது. அந்த நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004-ல் கடலூருக்கே வந்து பார்த்தது. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது வாசலைப் பாருங்கள். பலகை இருந்தால் படியுங்கள். அதில் ஆர்சனிக் என்ற சொல்லும், கசடு போன இடமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் பத்தே ரூபாய். ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?

அந்த இளைஞர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பொடி நல்ல பொடிதான். என் வகுப்பில் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு விடையை அடிக்கோடிட்ட பையன்களுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. அவருக்கும் அதுதான். மீதிக் கணக்கையும் போட்டுக்கொண்டு வரட்டும், தம்பிக்கு முதல் கைதட்டல் என்னுடையது.