ஊட்டி ஒரு பக்கம் இருக்கட்டும்!

டூர் என்ற பேச்சு வந்தாலே நம் ஆட்கள் வாயில் மூன்று ஊர்தான் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் பெங்களூரு. வேறு ஊர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "போடா, பாட்டியோட போற இடத்துக்கெல்லாம் டூரா?" என்று ஒரே கூச்சல்! நண்பர்களே, நான் சொல்ல வந்ததே அந்தப் பாட்டியோடு போகிற இடத்தைப் பற்றித்தான். திருச்சியிலிருந்து கல்லணை, திருவையாறு வழியாகத் தஞ்சாவூர். ராத்திரி கும்பகோணத்தில் தங்கல். மறுநாள் தாராசுரம், சுவாமிமலை பார்த்துவிட்டுக் கங்கைகொண்ட சோழபுரம். இரண்டே நாள். அடுத்த டூர் இந்த ரோட்டில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

"கோயில் கோயிலா சுத்த நாம என்ன ரிட்டயர்டு ஆளா?" என்பீர்கள். சாமி கும்பிடுகிறவர் கும்பிடட்டும். மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும், நாம் படிக்கிற பாடம் மேலே நிற்கிறது.

சிவில் நண்பர்களுக்கு முதலில் கல்லணை. ஆற்று மணலில் பெரிய கல்லைப் போட்டால் உள்ளே இறங்கும். இறங்கட்டும் என்று விட்டு அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று போட்டே அஸ்திவாரம் எழுப்பியிருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இந்த வித்தையை இங்கே பார்த்துக் கற்றுக்கொண்டுதான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். அடுத்து, 1010-ல் முடிந்த பெரிய கோயில். சுமார் 216 அடி விமானம், சாந்து பூசாமல் கல்லோடு கல் அடுக்கியது. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல், நிழல் தரையில் விழாது என்றெல்லாம் கதை விடுவார்கள். அது பல துண்டுக் கற்களின் சேர்க்கை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நிழலா? சாயங்காலம் போய் நின்று பாருங்கள், ஜோராக விழுகிறது. கதை பொய்யானாலும் கோயில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை!

மெக்கானிக்கல்காரர்களுக்கு சுவாமிமலை. நம் ஃபவுண்டரி ஷாப்பில் ஒரே பேட்டர்னை வைத்து எத்தனை வார்ப்பு வேண்டுமானாலும் எடுக்கிறோம். அங்கே மெழுகில் சிலை செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். பேட்டர்னும் போச்சு, அச்சும் போச்சு, அதனால் ஒரு சிலை போல இன்னொன்று கிடையாது. பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தைப் பட்டறையில் செலவழிக்கலாம்.

சரி, சோத்து விஷயத்துக்கு வருவோம். டூரில் நாம் தின்பது என்ன? எந்த ஊர் போனாலும் பரோட்டா, ஃப்ரைடு ரைஸ். அதைத் தின்ன மலை ஏறணுமா? திருவையாற்றில் இறங்கினால் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து, கொஞ்சம் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்துக் கிண்டியது. சூடாக வாங்கணும், கையில் நெய் ஒட்டணும். கும்பகோணத்தில் காலை இட்லிக்கு சாம்பார் கேட்காதீர்கள், கடப்பா கேளுங்கள். அதிலும் பாசிப்பருப்புதான். கூட உருளைக்கிழங்கு, தேங்காயும் சோம்பும் அரைத்த மசாலா, கடைசியில் எலுமிச்சம்பழம். நெல் அறுத்த வயலில் உளுந்தும் பயறும் விதைப்பது டெல்டா வழக்கம். வயலில் விளைந்ததுதான் இட்லித் தட்டுக்கும் வந்திருக்கிறது, அல்வாவுக்கும் வந்திருக்கிறது.

அப்புறம் காபி. நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டுதான். பித்தளை டபரா வைத்துவிட்டால் டிகிரி ஆகிவிடாது, பாலில் தண்ணீர் இருக்கக்கூடாது, டிகாக்‌ஷன் அப்போது இறங்கியதாக இருக்க வேண்டும். டிப்ளமோ படிக்கிற நமக்கு உடனடியாக டிகிரி கிடைக்கிற ஊர் இது ஒன்றுதான்!

பக்கத்திலேயே உப்பிலியப்பன் கோயில். பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம். மெஸ் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறவர்கள் ஒரு முறை அந்தப் பிரசாதத்தை வாயில் போட்டுப் பார்க்கணும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? ஒவ்வொரு முறையும் டூர் லிஸ்ட் ஒட்டும்போது அதில் இல்லாத பெயர்களைப் பாருங்கள். "எனக்குக் குளிர் ஒத்துக்காது", "அக்காவுக்குக் கல்யாணம்" என்பார்கள். குளிருமில்லை, கல்யாணமுமில்லை, பணம்தான் இல்லை. அதை நம்மிடம் சொல்ல அவனுக்கு வாய் வராது, நாமும் கேட்பதில்லை. இந்த ரோட்டில் லாட்ஜ் ஒரு ராத்திரிதான். தஞ்சைப் பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் நுழைவுச் சீட்டே கிடையாது. சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் 2021-லிருந்து தோழிகளுக்கு டிக்கெட்டும் இல்லை. கோயில்களில் 2002 முதல் மதிய அன்னதானம் நடக்கிறதே என்று ஒரு நண்பர் கணக்குப் போட்டார். அது வேண்டாம். ஐம்பது பேர் திமுதிமுவென்று உட்கார்ந்தால், அதை நம்பி வருகிறவர் பசியோடு திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியும் வரும். நம் வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் இருக்கிறார்களே? நான் சொன்ன மூன்று சோழர் கோயில்களும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. 1987-லும் 2004-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. பிரகாரத்தைச் சுற்றி வர யாருக்கும் தடையில்லை. கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று போர்டு வைத்த கோயில்களும் உண்டு. அங்கே நாலு பேரை வாசலில் நிற்கவைத்துவிட்டு நாம் மட்டும் உள்ளே போவதில் எனக்குச் சம்மதமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பிரசாதத்தை மட்டும் வாங்கி வந்து, வெளியே எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

தேதி முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல், மே வேண்டாம், வெயிலில் கல்தரையில் கால் வைக்க முடியாது. தை, மாசியில் வையுங்கள். லிஸ்ட் ஒட்டுவதற்கு முன்னால், போன தடவை வராதவர்களிடம் முதலில் போய்க் கேளுங்கள்.