பார்சல் வேண்டாம்

மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். சிம்மக்கல் கோனார் கடைக் கறிதோசை. மாசி வீதிகளில் நடுநிசியிலும் ஆவி பறக்கும் இட்லி. கண்ணெதிரே கல்லில் கொத்தித் தரும் பரோட்டா. மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இதில் ஒன்றைக்கூடக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ருசி தெரியாமலில்லை. அப்பா, அண்ணன், பிறகு கணவர் என்று யாராவது கடையில் சுடச்சுடத் தின்றுவிட்டு எனக்குப் பார்சல் வாங்கி வந்திருக்கிறார்கள். இலையைப் பிரித்தால் தோசை வியர்த்து, முறுகல் போய், சால்னா ஆறிக் கிடக்கும். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். "என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா" என்று ஏப்பம் விடுகிறவர்களும் இவர்களேதான். அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சமைத்தவள் கடைசியில் சட்டியை வழித்துத் தின்கிறாள்.

ஒருமுறை ஒரு கடைக்குத் தனியாகப் போனேன். "பார்சலாக்கா?" என்றார் கல்லாவில் இருந்தவர். இல்லை என்றதும், "ஃபேமிலி ரூம் மாடியில இருக்கு" என்று கை காட்டினார். ஒற்றை ஆள் எப்படி ஃபேமிலி ஆவேன்? கீழே தனித்தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த ஆண்களில் யாரையும் அவர் மாடிக்கு அனுப்பவில்லை.

பொது உணவகங்களுக்குள் போக ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்துத் தடை போடக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு 1950லிருந்து சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஹோட்டல் ஞாபகம் இருந்திருக்கிறது. "ராத்திரியில் உனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கும் வீட்டுக்குத்தான் இல்லை.

பசிதான் வேலை.

வருகிற வியாழக்கிழமை, இரவு ஒன்பது மணிக்கு, கறிதோசை. கீழே, கல்லுக்குப் பக்கத்து மேசையில்.