மேலாளர் இல்லாத அலுவலகத்தில் யாரிடம் முறையிடுவது?

மேலாளரே கிடையாது என்று சொல்லி ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு இளைஞர்களிடையே தனி மவுசு இருக்கிறது. விடுப்புக்குக் கெஞ்ச வேண்டாம், அப்ரைசல் சமயத்தில் ஒருவருடைய முகக்குறிப்பைப் பார்த்து நிற்க வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை வேலைக்கு எடுப்பது, யாரை அனுப்புவது என்பதையெல்லாம் எந்த நிறுவனத்திலும் யாராவது முடிவுசெய்துதான் ஆக வேண்டும். மேலாளர் பதவியை ஒழித்த பிறகும் அந்த அதிகாரம் அங்கேயேதான் இருக்கிறது. யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போகிறது. பாதிக்கப்பட்டவர் நியாயம் கேட்க ஆளில்லாமல் போவதையே இந்த ஏற்பாட்டின் பெரிய கேடாக நான் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் வீடியோ கேம் நிறுவனமான வால்வ், புதிதாகச் சேர்வோருக்குக் கொடுக்கும் கையேடு 2012இல் வெளியே கசிந்தது. மேசைகளுக்குச் சக்கரம் உண்டு, பிடித்த திட்டம் நடக்கும் இடத்துக்கு மேசையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று அதில் இருந்தது பரவலாகப் பேசப்பட்டது. அதே கையேட்டின் பிற்பகுதியில் நிறுவனம் தன் பலவீனங்களையும் நேர்மையாகப் பட்டியலிட்டிருந்தது. புதியவர்களுக்கு வழிகாட்டுவது, கூடவே இருந்து வளர்த்துவிடுவது, தகவலை எல்லோரிடமும் கொண்டுசேர்ப்பது ஆகியவை தங்களுக்குச் சரியாக வரவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. மூன்றுமே நல்ல மேலாளர் ஒருவர் அன்றாடம் செய்கிற வேலைகள். சம்பளத்துக்கோ, சக ஊழியர்கள் ஒருவரையொருவர் தரவரிசைப்படுத்த வேண்டும். பலர் சேர்ந்து போடும் அந்த வரிசையில் பின்தங்கியவருக்குப் பதில் சொல்லும் கடமை தனியாக எவருக்கும் இல்லை. வால்வின் வன்பொருள் பிரிவில் இருந்து 2013இல் நீக்கப்பட்ட ஜெரி எல்ஸ்வர்த், வெளியே தெரியாத ஓர் அதிகார அடுக்கு அங்கே இருந்ததாகப் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். திறமைசாலிகளை நேர்காணலுக்கு அழைத்துவந்தாலும், அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ‘நமக்கு ஒத்துவராது’ என்று நிராகரித்துவிடுவார்களாம். வேலை போனவரின் ஆத்திரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முற்றிலும் புதிய துறைகளுக்கு ஆள் தேடி எடுப்பதில் தாங்கள் தேறவில்லை என்று அந்தக் கையேடே சொல்கிறது.

இது கணினி யுகத்தில் முளைத்த சிக்கலும் அல்ல. தலைவர்களே வேண்டாம் என்று இயங்கிய பெண்ணுரிமைக் குழுக்களைப் பற்றி அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் 1970இலேயே பேசினார். அமைப்பு இல்லை என்று சொல்லப்படும் இடத்தில் நட்பு வட்டங்களே அமைப்பாகிவிடுகின்றன, அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது என்பது அவருடைய வாதம். அலுவலகத்தில் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் யார்? நேற்றுச் சேர்ந்தவர், கூட்டத்தில் குரல் உயர்த்தத் தெரியாதவர், பிள்ளையை அழைத்துவர ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருப்பதால் மாலை அரட்டைகளில் உட்கார முடியாதவர். எழுதப்பட்ட விதி இருந்தால் இவர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். பழக்கமும் செல்வாக்கும் வைத்து நடக்கும் இடத்தில் எதைச் சுட்டிக்காட்டுவது?

மோசமான மேலாளரிடம் சிக்கிச் சீரழிவதைவிட இது மேல் என்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பதவியைக் காட்டி மிரட்டுபவர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. ஆனாலும், மோசமான மேலாளர் மீது புகார் எழுத ஒரு பெயராவது இருக்கிறது. கூகுள் 2002வாக்கில் பொறியாளர்களுக்கு மேலாளர்களே இல்லாமல் நடத்திப் பார்த்தது. செலவுக் கணக்கிலிருந்து ஊழியர்களுக்கிடையிலான சண்டை வரை எல்லாம் நிறுவனர் லாரி பேஜிடமே வந்து குவிய, சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டது. பிற்பாடு, மேலாளர்களின் தரம் ஒரு பொருட்டல்ல என்று நிரூபிக்கப் புறப்பட்ட அதே நிறுவனத்தின் ஆய்வு, நல்ல மேலாளர்களிடம் வேலை செய்வோர் நிறுவனத்தில் நீடிக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தது.

நெதர்லாந்தின் பியூர்ட்சோர்க் அமைப்பை எதிர்வாதமாகக் காட்டலாம். 2006இல் யோஸ் டி பிளோக் தொடங்கிய அதில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மேலாளர் இன்றியே வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கிறார்கள். அதன் வெற்றியை நான் மறுக்கவில்லை. அங்கே ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர்தான். குழுவுக்குள் சிக்கல் வந்தால் அழைப்பதற்கென்றே பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒரே வகையான வேலை, சிறிய குழு, முன்கூட்டியே தெரிந்த நடைமுறை என்று மேலாளரின் பொறுப்புகளை அங்கே பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். பதவியை மட்டும் தூக்கிவிட்டுப் பொறுப்புகளைக் காற்றில் விடும் நிறுவனங்களுக்கு இது சாட்சியாகாது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நமது 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேர் வேலை செய்யும் அலுவலகத்தில்கூட ஒரு புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது. மேலாளர் வேண்டாம் என்று முடிவெடுக்கும் நிறுவனமும் அதே போல, சம்பளம் நின்றுபோனாலோ, வேலைப்பளு மிஞ்சிப்போனாலோ, வேலையே பறிபோனாலோ யாரிடம் போக வேண்டும், அவர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பணி நியமனக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும்.