பிளக் கழற்றத் தெரியாத மெக்கானிக்கல் மாணவன்

நெய்வேலி என்றாலே மின்சாரம்தான். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுத்தது. டர்பைன், பாய்லர், கன்வேயர் என்று எதையாவது பழுது பார்த்துப் பிழைத்தவர்கள் டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலும் காலையில் கார் திணறினால் உடனே மெக்கானிக்குக்குத்தான் போன் போகிறது. அந்த வீட்டிலேயே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் இருப்பான். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினைப் படம் போட்டுப் பாகம் குறித்துப் பத்து மார்க் வாங்கியவன். ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டான்!

இத்தனைக்கும் இது பெரிய வேலை இல்லை. மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. மூன்று சிலிண்டர், மூன்றே பிளக். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். குழியில் இருக்கும் தூசியை ஊதிவிட்டுத்தான் பிளக் ஸ்பேனரைப் போட வேண்டும், இல்லையென்றால் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் ஒயர் மாறாது. புது பிளக்கின் இடைவெளியை வண்டிக் கையேட்டில் சொன்னபடி ஃபீலர் கேஜில் சரிபார்த்து, முதலில் கையாலேயே திருக வேண்டும். கோணலாகப் பிடித்து ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும். அப்புறம் மிச்சம் பிடித்த கூலியைப் போல பல மடங்கு செலவு!

கூலி மிச்சம் என்பது சின்ன லாபம்தான். பெரிய லாபம் கழற்றிய பழைய பிளக்கில் இருக்கிறது. நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். கரிப்பொடி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்பட வேண்டும். வெள்ளையாக வெந்திருந்தால் சூடு அதிகம். மெக்கானிக் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும்போது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்காமலே கிழித்துப் போட்ட மாதிரி ஆகிறது.

"மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். பிளக் மாற்றுவதாலேயே பிழைக்கும் மெக்கானிக் யாரும் இல்லை. நோயைச் சரியாகச் சொல்லும் கஸ்டமர் வந்தால் அவருக்கும் வேலை சுலபம். "புது வண்டிகளில் முடியாதே" என்பது ஓரளவு நியாயம். பிளக்குக்கு மேலேயே காயில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். டீசல் வண்டியிலும் மின்சார வண்டியிலும் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதனால்தான் பழைய பெட்ரோல் வண்டி வீட்டில் இருக்கும்போதே கற்றுக்கொள்வது நல்லது.

டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாமானெல்லாம் லாரியில் ஏறும், டூல்ஸ் பெட்டியும் ஏறும். முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை பழகிய பக்குவம் மட்டும் பிள்ளைக்குப் போய்ச் சேராது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் மூன்று பிளக்கும் போதும்.