பரண் மேல் லேப்டாப்... பக்கத்திலேயே தீர்வு!

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் உங்கள் வீட்டுப் பரணிலும் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருக்கிறதா? 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது நம்ம சென்னை சி-டாக்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அவ்வளவு பழைய மெஷின்களுக்கு விண்டோஸ் 11 சரிப்படாது. அப்டேட் இல்லாத விண்டோஸில் பேங்க் வேலை பார்ப்பதும் ஆபத்து. லினக்ஸுக்கு மாறலாம்தான். ஆனால், 'கடைக் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில்தானே ஓடும்?' என்று பலரும் தயங்குவார்கள்.

அதற்குத்தான் 'வைன்'. விண்டோஸ் புரோகிராம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி அவ்வப்போது மாற்றிக் கொடுக்கும் இலவச சாஃப்ட்வேர் இது. விண்டோஸ் லைசென்ஸ் தேவையில்லை. 1993-ல் ஆரம்பித்து, 2008-ல்தான் 1.0 வந்தது.

கவனிக்க வேண்டியவை:

* முதலில் ஃபைல்களை வேறொரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.

* லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

* உங்கள் சாஃப்ட்வேர் ஓடுமா என்று வைன் தளத்தில் தேடுங்கள். 'பிளாட்டினம்' என்றால் தைரியமாக இறங்கலாம். 'கார்பேஜ்' என்றால் விட்டுவிடுங்கள்.

* டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் போன்றவை மக்கர் பண்ணலாம். அதற்கு விண்டோஸ் மெஷினே நல்லது.

* கிராக் சாஃப்ட்வேர் வேண்டாம். விண்டோஸ் வைரஸ் சில, வைனிலும் ஓடும்!

மாதம் ஒருமுறை திறக்கும் ஒரே ஒரு புரோகிராமுக்காகப் புது லேப்டாப் வாங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை முயன்று பாருங்களேன்!