ஆறு பேருக்கு நாலு பேர் மூளை

"விளையாடத் தெரிஞ்சவனுக்கு எத்தினை பேர் இருந்தாலும் ஒண்டுதான்." முன்னூற்றிநாலு விளையாடுற இடமெல்லாம் இந்த வசனம் இருக்கும். சனசமூக நிலையத் திண்ணையிலை, மதவடியிலை, செத்தவீட்டு இரவுகளிலை இதைச் சொல்லாத அண்ணைமாரை நாங்கள் காணேல்லை. இது பிழை எண்டு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கோவிக்கிறவை கடைசி மட்டும் வாசிச்சிட்டுக் கோவியுங்கோ.

முதலிலை கணக்கைப் பாப்பம். ஜே 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கே 3, கியூ 2, எட்டும் ஏழும் சைபர். ஒரு வகைக்கு 76; நாலு வகைக்கும் 304. நாலு பேர் இருந்தால் 32 கடதாசி, ஆளுக்கு எட்டு, எட்டுப் பிடி. ஒரு பிடிக்குச் சராசரி 38. ஆகவே 160 கேட்டவருக்கு நாலு பிடிக்குக் கொஞ்சம் கூட வேணும்.

ஆறு பேர் வந்தால், பெறுமதி இல்லாத நாலு கடதாசியைச் சேர்த்து 36 ஆக்கி ஆளுக்கு ஆறு போடுறம். மொத்தப் புள்ளி அதே 304தான். ஆனால் பிடி ஆறே ஆறு. சராசரி 50ஐத் தாண்டுது. இப்ப ஒரு பிடியை விடுறது சின்ன விசயமில்லை. "இதை விட்டுட்டு அடுத்ததைப் பிடிப்பம்" எண்ட நாலு பேர்ப் பழக்கம் இங்கை கையைச் சுடும். ஏனெண்டால் அடுத்தது எண்டு கன பிடி மிச்சம் இருக்காது.

வெட்டும் அப்பிடித்தான். நாலு பேரிலை ஒரு வகைக்கு எட்டுக் கடதாசி, ஆளுக்குச் சராசரி ரண்டு. துரும்பில்லாத ஜேயை முதல் சுற்றிலை இறக்கித் தப்ப ஓரளவு இடமிருக்கு. ஆறு பேரிலை ஒரு வகைக்கு ஒன்பது, ஆளுக்கு ஒண்டரை. அந்த வகையே கையிலை இல்லாத ஒருத்தர் எதிர்ப் பக்கத்திலை துரும்போடை காத்துக்கொண்டிருக்கிறதுக்கு வாய்ப்புக் கூட. அதே ஜே, அதே ஆள், அதே துணிவு. ஆனால் 30 புள்ளி அடுத்த பக்கம் போயிடும். உடனை "கை சரியில்லை" எண்டுவினம். கையிலை பிழை இல்லை அண்ணை, கணக்கிலைதான் பிழை.

பாட்னரை நம்புறதுக்கும் ஒரு அளவு இருக்கு. உங்களிட்டை இல்லாத துரும்பு ஒன்பது உங்கட பாட்னரிட்டை இருக்க, நாலு பேரிலை மூண்டிலை ஒரு பங்கு வாய்ப்பு. ஆறு பேரிலை பாட்னர்மார் ரண்டு பேர். ஐந்திலை ரண்டு பங்கு. நம்பிக்கை கொஞ்சம் கூடுது, ஆனால் வெட்டக் காத்திருக்கிறவை மூண்டு பேர். மூண்டு பேர் மட்டும் இருந்தால் ஏழையும் எட்டையும் எடுத்துப்போட்டு 24 கடதாசியிலை விளையாடுறம். அப்ப கேட்டவர் தனி ஆள். உங்களிட்டை இல்லாத ஒவ்வொரு கடதாசியும் எதிரியிட்டைத்தான். "மிச்சத்தைப் பாட்னர் பாத்துக்கொள்ளுவார்" எண்டு பழக்கதோசத்திலை கேட்டால், அது தற்கொலை.

போக்கரிலை இது நேர்மாறு. மேசையிலை ஆள் குறையக் குறைய, சுமாரான கையோடையும் துணிஞ்சு இறங்கலாம் எண்டுதான் அங்கை சொல்லிக்குடுப்பினம். மூண்டு பேர் முன்னூற்றிநாலிலை ஆள் குறைய, கேக்கிறவருக்குக் கை பலமாக வேணும். எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு தரமும் தலையை எண்ணிப்போட்டுத்தான் யோசிக்க வேணும்.

அண்ணைமாரின்ரை அனுபவத்தை நாங்கள் குறைச்சுச் சொல்லேல்லை. எந்தக் கடதாசி எப்ப விழுந்தது எண்டு ஞாபகம் வைக்கிறதிலை அவையளுக்குக் கிட்டவும் எங்களாலை போக ஏலாது. ஆனால் மாற மறுக்கிற அனுபவத்துக்கு நாங்கள் வைக்கிற பேர் சோம்பேறித்தனம்.

இதுக்கு இவ்வளவு கோவம் ஏன்? எங்கட மேசையள் மெலிஞ்சுகொண்டு போகுது. ஒருத்தர் கனடா, ஒருத்தர் கொழும்பிலை வேலை, ஒருத்தர் குனிஞ்ச தலை நிமிராமல் போனிலை. ஆறு நாலாகி, நாலு மூண்டாகிப் போச்சு. மூண்டு பேருக்கு விளையாடத் தெரியாதவை, "ஆள் காணாது" எண்டு கட்டை மடிச்சு வைக்கினம்.

உண்மையிலை ஆள் காணாதோ? தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சிட்டு, "அண்ணை, ஒன்பது இன்னும் விழேல்லை" எண்டு மெல்லச் சொல்லிப்போட்டுப் போற தங்கச்சி ஆளில்லையோ? நாலாவது இடம் வெறுமையாக் கிடக்க, எல்லாக் கடதாசியையும் எண்ணிக்கொண்டு கதவடியிலை நிக்கிற பெட்டையை ஒருத்தரும் "வந்து இரு" எண்டு கூப்பிடுறேல்லை. எங்களிலை பாதிப் பேர் அந்தக் கதவடியிலை நிண்டுதான் இந்த ஆட்டத்தைப் பழகினம். ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

அடுத்த முறை கடதாசியைக் குலைக்க முதல் மேசையைச் சுத்தி ஒருக்கா எண்ணுங்கோ. மூண்டெண்டால் மூண்டுக்கு விளையாடுங்கோ, ஆறெண்டால் ஆறுக்கு. எண்ணேக்கை கதவடியையும் சேர்த்து எண்ணுங்கோ.